அயல்நாட்டு அனிமேஷன் குறும்படங்களைச் சேர்க்க: கேசட்டா, டிவிடியா, ப்ளூ-ரேயா, கோப்பா?

பத்து நிமிடப் படம் ஒன்றை எங்கோ பார்த்துவிட்டு, அதை மறக்க முடியாமல் தவிப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது என் அலமாரியில் இருந்தாக வேண்டும். எதில் வாங்கட்டும்?" முழுநீளப் படம் என்றால் இருப்பதில் நல்ல பதிப்பைச் சொல்லிவிடலாம். குறும்படத்துக்கு அப்படிச் சொல்ல முடிவதில்லை. அது தனியாக விற்பனைக்கு வருவதே அபூர்வம். இயக்குநரின் தொகுப்பில் இருக்கும், ஸ்டுடியோவின் தொகுப்பில் இருக்கும், விழாத் தொகுப்பில் இருக்கும். சில சமயம் சம்பந்தமே இல்லாத ஒரு முழுநீளப் படத்தின் டிஸ்க்கில், கூடுதல் இணைப்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் கிழக்கு ஐரோப்பியப் பொம்மைப் படங்களின் டிவிடி தொகுப்பு ஒன்றை வெளிநாட்டிலிருந்து ஆசையாக வரவழைத்தேன். படம் ஓடியபோது ஏதோ மங்கலாகத் தெரிந்தது, பழைய பிரிண்ட் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு பொம்மை கையை உயர்த்தும் இடம் பிடித்துப்போய் அங்கே நிறுத்தினேன். அதற்கு மூன்று கைகள் இருந்தன. இரண்டு திடமாக, மூன்றாவது கண்ணாடிக்குப் பின்னால் தெரிவது போல வெளிறி. ஒரு பிரேம் முன்னால் தள்ளினேன், சரியாக இருந்தது. இன்னொன்று தள்ளினேன், மறுபடி ஆவி போல ஒரு கை. ஐரோப்பிய வீடியோ முறையில் இருந்த பிரதியை அமெரிக்க முறைக்கு மாற்றியவர்கள், பக்கத்துப் பக்கத்துப் பிரேம்களைக் கலந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருந்தார்கள். படத்தைச் செய்தவர் அந்தக் கையை ஒவ்வொரு பிரேமுக்கும் தன் விரலால் நகர்த்தி வைத்தவர். அவர் வைக்காத இடத்தில் எல்லாம் என் திரையில் ஒரு கை இருந்தது.

அன்றிலிருந்து எந்தப் பதிப்பு வந்தாலும் நான் முதலில் தேடுவது பிளேயரின் நிறுத்தும் பொத்தானைத்தான். கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் பிரேம். நிறுத்தினால் ஓவியர் வரைந்த அந்த ஒரு படம் முழுசாக, வேறெதுவும் கலக்காமல் தெரிகிறதா? அலெக்சாந்தர் பெத்ரோவ் 1999-இல் முடித்த 'கிழவனும் கடலும்' 20 நிமிடப் படம். கண்ணாடி மேல் விரல் நுனியால் வண்ணத்தைத் தேய்த்து வரைந்த 29,000-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் அதில் இருக்கின்றன. ஒரு பிரேமை எடுத்ததும் அதே வண்ணத்தை மாற்றி அடுத்த பிரேமை வரைகிற முறை அது. வரைந்த ஓவியம் எங்கேயும் மிஞ்சாது. நம் கையில் இருக்கும் பிரதிதான் அந்த ஓவியங்களுக்கு இருக்கும் ஒரே இருப்பிடம்.

இரண்டாவது வேகம். சினிமா ஃபிலிம் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். ஐரோப்பாவில் வழங்கிய பிஏஎல் வீடியோ விநாடிக்கு 25. அந்த ஒரு பிரேம் வித்தியாசத்துக்காகப் படத்தையே கொஞ்சம் விரட்டி ஓட்டிவிடுவார்கள். 10 நிமிடப் படம் 9 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். திருத்தாமல் விட்டால் இசையின் சுருதி அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். முழுநீளப் படத்தில் பலர் இதைக் கவனிப்பதில்லை. பேச்சே இல்லாமல் இசையின் மேல் நடக்கும் குறும்படத்தில், காது பழகியவர்களுக்கு உறுத்தும். அமெரிக்க, ஜப்பானிய என்டிஎஸ்சி முறையில் வேகம் மாறாது. ஆனால் 24 பிரேமை ஏறக்குறைய 30-ஆக நீட்ட வேண்டியிருப்பதால் அசைவில் லேசான தயக்கம் வரும்.

மூன்றாவது மொழி. அயல்நாட்டுக் குறும்படங்களில் பேச்சில்லாதவை நிறைய, நமக்கு அது பெரிய வசதி. கதைசொல்லியின் குரலில் நடப்பவைதான் சிக்கல். ஃப்ரெடெரிக் பாக் 1987-இல் எடுத்த 'மரங்களை நட்ட மனிதன்' படத்துக்கு பிரெஞ்சில் பிலிப் நுவாரே குரல் கொடுத்தார், ஆங்கிலத்தில் கிறிஸ்டோபர் பிளம்மர். இரண்டையும் கேட்டவர்களுக்குத் தெரியும், அவை இரண்டு தனி அனுபவங்கள். ஒரே ஒரு குரல்தடம் மட்டும் உள்ள வடிவத்தில் வாங்கினால், விற்றவர் தேர்ந்தெடுத்த குரல்தான் நமக்கு.

மற்ற இரண்டும் நடைமுறைக் கேள்விகள். வாங்கியது பத்து வருடம் கழித்தும் நம்மிடம் இருக்குமா? அதை ஓட்டும் கருவி அப்போது கிடைக்குமா?

## வீடியோ கேசட்

படத்தின் தரத்தைப் பார்த்தால் விஎச்எஸ் கேசட்டுக்கு இங்கே இடமே இல்லை. சுமார் 240 கோடு தெளிவு, ஒரே குரல்தடம், படத்தின் மேலேயே பொறித்த சப்டைட்டில். நிறுத்தினால் கோடு கோடாக நடுங்கும். நிறுத்திய நிலையில் பிளேயரின் தலை நாடாவின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பதால், என் பழக்கத்தைக் கேசட்டிடம் காட்டவே கூடாது. கேசட் பிளேயர் செய்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழையவை.

அப்புறம் ஏன் வாங்குகிறார்கள்? வேறெதிலும் வராத படங்கள் இதில் இருப்பதால்தான். 'இன்டர்நேஷனல் டூர்னே ஆஃப் அனிமேஷன்' என்று ஊர் ஊராகப் போன தொகுப்பு நிகழ்ச்சி கேசட்டில் வந்தது. இப்படிப்பட்ட கலவைத் தொகுப்புகளில் ஒவ்வொரு படத்துக்கும் உரிமை ஒவ்வொருவரிடம் இருக்கும். டிவிடி வந்தபோது அத்தனை பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்குவது சுலபமில்லை. அதனால் ஒரு தொகுப்பில் பெயர்பெற்ற படங்கள் முன்னால் போய்விட, மற்றவை நாடாவிலேயே நின்றுவிடும்.

வாங்கும் முன் கேசட்டின் சிறு ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. பிளேயரில் போட்டால் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுகளுக்கும் பரவும். அப்படிப்பட்டதை நாடா சுத்தம் செய்பவரிடம் கொடுக்கும்வரை பிளேயர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

## லேசர் டிஸ்க்

30 சென்டிமீட்டர் அகலத் தட்டு. இதில் சிஏவி என்றொரு வகை உண்டு. என்டிஎஸ்சியில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான், ஆனால் அந்த 54,000 பிரேமுக்கும் தனித்தனி எண் உண்டு. எண்ணை அழுத்தினால் அந்தப் படம் அசையாமல் வந்து நிற்கும். அனிமேஷன் படிப்பவர்களுக்கு டிவிடிக்கு முந்தைய காலத்தில் இதைவிட நல்ல கருவி இருந்ததில்லை. குறும்படம் 30 நிமிடத்துக்குள் அடங்கிவிடுவதால் நடுவில் தட்டைத் திருப்பும் தொல்லையும் இல்லை.

இன்று இதைத் தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பயனியர் 2009-இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. ஒட்டுப்பசை விட்டுப்போன தட்டுகளில் உள்ளே இருக்கும் அலுமினியப் படலம் அரித்து, திரையில் வண்ணப் புள்ளிகள் மழை போல விழும். அந்தத் தட்டைக் காப்பாற்ற வழியில்லை. ஏற்கெனவே பிளேயர் வைத்திருப்பவர் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

## டிவிடி

குறும்படச் சேகரிப்பின் முதுகெலும்பு இன்றைக்கும் டிவிடிதான். தெளிவு குறைவு, உண்மை. ஆனால் அனிமேஷன் குறும்படங்களை ஆள் வாரியாக, முழுமையாகத் தொகுக்கும் வேலை நடந்தது டிவிடி காலத்தில். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 2006-இல் நார்மன் மெக்லாரனின் படங்களை 7 டிஸ்க் பெட்டியாகக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2007-இல் யான் ஷ்வாங்க்மாயரின் எல்லாக் குறும்படங்களையும் 3 டிஸ்க்கில் தந்தது. தயாரித்தது அரசு வாரியம், திரைப்படக் கழகம் போன்ற அமைப்பு என்றால், கூடவே நல்ல கையேடும், படம் உருவான விதமும் கிடைக்கும். அந்தக் கையேட்டுக்காகவே பெட்டியை வாங்கலாம்.

ஒரு டிஸ்க்கில் பல குரல்தடங்களும் சப்டைட்டில்களும் இடம்பிடிக்கும். பிரேம் பிரேமாகத் தள்ளலாம். பிளேயர் மலிவு, பழைய கணினியிலும் ஓடும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு பூட்டுகளில் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் பூட்டு ரீஜன் எண், அதாவது உலகின் எந்தப் பகுதியில் விற்ற பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதைச் சொல்லும் எண். டிவிடிக்கு 1 முதல் 8 வரை உண்டு. பின்னட்டையில் உருண்டைப் படத்துக்குள் எண் அச்சிட்டிருக்கும். இரண்டாவது பூட்டு வீடியோ முறை, அதாவது பிஏஎல்லா என்டிஎஸ்சியா என்பது. ரீஜன் 0 என்று போட்ட டிஸ்க்கில் முதல் பூட்டு மட்டும்தான் இல்லை. என்டிஎஸ்சி மட்டுமே தெரிந்த பிளேயரில் பிஏஎல் டிஸ்க்கைப் போட்டால் 0 என்ற எண் எந்த விதத்திலும் உதவாது. பிஏஎல் நாடுகளுக்கென்று செய்த பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். ஆக, எல்லா ரீஜனும் இரு முறையும் ஓடும் பிளேயர் ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஐந்தாறு டிஸ்க் சேர்ந்த பிறகு வாங்கலாம் என்று நினைப்பவர்கள், அதற்குள் பூட்டுக்குப் பொருந்தும் மட்டமான பதிப்புகளாக வாங்கி நிரப்பிவிடுகிறார்கள்.

எந்த நாட்டுப் பதிப்பு என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி எளிது. படம் எந்த நாட்டில் மறுசீரமைக்கப்பட்டதோ, அந்த நாட்டின் வீடியோ முறையிலேயே வாங்குங்கள். பிஏஎல் மூலத்திலிருந்து வந்த பிஏஎல் டிஸ்க் வேகமாக ஓடும், ஆனால் பிரேம்கள் சுத்தமாக இருக்கும். அதையே என்டிஎஸ்சிக்கு மாற்றிய டிஸ்க்கில் என் மூன்று கைப் பொம்மை மாதிரிதான் வர வாய்ப்பு அதிகம். வேகமா, கலக்காத பிரேமா என்று வந்தால் நான் பிரேமை எடுப்பேன். மெக்லாரனின் 'பிளிங்கிட்டி பிளாங்க்' (1955) கறுப்பு ஃபிலிமில் நேரடியாகக் கீறிய படம். நெடுக இருட்டு, நடுவே ஒன்றிரண்டு பிரேமுக்கு மட்டும் ஒரு மின்னல் கோடு, மறுபடி இருட்டு. அந்தக் கோட்டைப் பக்கத்து இருட்டோடு கலந்தால் மின்னல் புகையாகிவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். சில டிஸ்க்குகள் ஆலையில் அச்சிட்டவை அல்ல, ஆர்டர் வந்த பிறகு ரைட் செய்து அனுப்புபவை. திருப்பிப் பார்த்தால் வெள்ளி நிறத்துக்குப் பதில் ஊதா சாயல் தெரியும். சாயத்தில் எழுதியது என்பதால் வெயிலும் வெப்பமும் ஆகாது. அச்சிட்ட டிஸ்க் அளவுக்கு ஆயுளை எதிர்பார்க்க வேண்டாம். விற்பவரிடம் முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

## ப்ளூ-ரே

நல்ல ப்ளூ-ரே கையில் கிடைத்தால் மற்ற எதையும் யோசிக்கத் தேவையில்லை. 24 பிரேமை 24 பிரேமாகவே வைத்திருக்கும். வேகம் கூடாது, சுருதி ஏறாது, பிரேம் கலக்காது. 1920-க்கு 1080 புள்ளியில் காகிதத்தின் சொரசொரப்பு தெரியும், பொம்மையின் துணியில் நூல் தெரியும். பெத்ரோவ் தன் படத்தை ஐமேக்ஸ் என்ற மிகப் பெரிய அளவு ஃபிலிமில் எடுத்தவர். அந்த மாதிரிப் படத்தை டிவிடியில் மட்டும் பார்த்தவர், வண்ணத்தில் பதிந்த விரல் தடத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

'நல்ல' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபிலிமிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்யாமல், பழைய டிவிடி பிரதியையே பெரிதாக்கி ப்ளூ-ரேயில் போடுவது உண்டு. குறும்படத் தொகுப்பில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கும். பத்துப் படத்தில் நான்கு புதிய ஸ்கேன், ஆறு பழையது. அட்டையில் 'மறுசீரமைக்கப்பட்டது' என்ற ஒரே வார்த்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து நிற்கும். ஒவ்வொரு படத்துக்கும் மூலம் எது என்று சொல்லும் விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அதைவிட என்னை வருத்துவது துடைப்பு. ஃபிலிமில் இயல்பாகவே தெரியும் துகள்களை 'இரைச்சல்' என்று நினைத்து மென்பொருளால் வழித்துவிடுகிறார்கள். ஃப்ரெடெரிக் பாக் சொரசொரப்பான அசிடேட் தாளில் வண்ணப் பென்சிலால் வரைந்தவர். பிரேமுக்குப் பிரேம் துடிக்கும் அந்தப் பென்சில் பொடிதான் அவர் படத்தின் மூச்சு. துடைக்கும் மென்பொருளுக்குப் பென்சில் பொடியும் ஃபிலிம் துகளும் ஒன்றுதான். இப்படி வழித்த ப்ளூ-ரேயை விட, துடைக்காத டிவிடியை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

பூட்டு இங்கேயும் உண்டு. ரீஜன் ஏ, பி, சி என்று மூன்று. அது போக, ஐரோப்பிய டிஸ்க்குகளில் கூடுதல் இணைப்புகள் சில பிஏஎல் நாடுகளின் 50 ஹெர்ட்ஸ் வீடியோவாக இருக்கும், அமெரிக்கப் பிளேயர்கள் பல அதை ஓட்டாது. நாம் தேடும் குறும்படம் பல நேரம் அந்தக் கூடுதல் பகுதியில்தான் இருக்கிறது. முழுநீளப் படம் நன்றாக ஓடும், எதற்காக வாங்கினோமோ அது ஓடாது. எல்லா ரீஜனும் ஓடும் ப்ளூ-ரே பிளேயர் டிவிடி பிளேயரைவிட நல்ல விலை. வெளிநாட்டு டிஸ்க்குக்கு அஞ்சல் கட்டணமும் சுங்க வரியும் சேரும். தொகுப்புகள் குறைந்த எண்ணிக்கையில் அச்சாவதால், தீர்ந்த பிறகு பழைய பிரதிக்குக் கேட்கும் விலை முதல் விலையைத் தாண்டிவிடும்.

## கோப்பும் ஸ்ட்ரீமிங்கும்

பார்ப்பதற்கு இதைவிட வசதி கிடையாது. கனடாவின் வாரியம் 2009-லிருந்தே தன் படங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. இளம் இயக்குநர்கள் பலர் விழாச் சுற்று முடிந்ததும் தங்கள் படத்தைத் தாங்களே இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். டிஸ்க்கில் ஒருநாளும் வராத படங்கள் அவை.

நிறுத்திப் பார்த்தால் குறை தெரியும். யூரி நார்ஸ்தெயின் 1975-இல் எடுத்த 'மூடுபனியில் முள்ளெலி' படத்தில், மிக மெல்லிய தாளைக் காட்சியின் மேல் வைத்து, ஒவ்வொரு பிரேமுக்கும் அதைக் கேமராவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பனியை உண்டாக்கினார்கள். வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே எண்ண முடியாத படிகள். குறைந்த அளவில் சுருக்கிய ஸ்ட்ரீமிங்கில் அந்தப் பனி சதுரம் சதுரமாக உடைந்து, வரி வரியாகப் படியும். முள்ளெலி பனிக்குள் மறையும் இடத்தில் கட்டங்களுக்குள் மறைவது போல இருக்கும்.

சேகரிப்பு என்ற கணக்கில் ஸ்ட்ரீமிங் சேராது. உரிமைக்காலம் முடிந்தால் படம் போய்விடும். 'வாங்கு' பொத்தானை அழுத்தி வாங்கியதும் பல தளங்களில் பார்க்கும் அனுமதி மட்டும்தான். பூட்டில்லாத கோப்பாக, பதிவிறக்கி வைத்துக்கொள்ளும்படி இயக்குநரே விற்றால் விஷயம் வேறு. தயங்காமல் வாங்குங்கள், பணமும் நேராக அவரிடம் போகும். பிறகு இரண்டு வன்தட்டில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். டிஸ்க்கிலிருந்து சொந்தப் பிரதி எடுக்கும் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

| | நிறுத்தினால் பிரேம் | வேகம் | மொழி | ஓட்டும் கருவி | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| கேசட் | நடுங்கும் | முறையைப் பொறுத்தது | ஒன்றுதான் | பழையது மட்டும் | பூஞ்சை, பழுது |
| லேசர் டிஸ்க் | சிஏவியில் அருமை | முறையைப் பொறுத்தது | ஓரளவு | பழையது மட்டும் | தட்டு அரிப்பு |
| டிவிடி | மூலம் மாறாவிட்டால் சுத்தம் | பிஏஎல்லில் கூடும் | பல | எளிதில் கிடைக்கும் | இரண்டு பூட்டு, ரைட் செய்த டிஸ்க் |
| ப்ளூ-ரே | துடைக்காவிட்டால் மிகச் சிறப்பு | சரியாக இருக்கும் | பல | கிடைக்கும் | விலை, ரீஜன், சீக்கிரம் தீர்வது |
| ஸ்ட்ரீமிங் | கட்டங்களாக உடையும் | பெரும்பாலும் சரி | தளத்தைப் பொறுத்தது | எதிலும் | படம் காணாமல் போவது |
| பூட்டில்லாத கோப்பு | கோப்பின் அளவைப் பொறுத்தது | சரியாக இருக்கும் | பெரும்பாலும் ஒன்று | எதிலும் | காப்புப் பிரதி வேலை |

## யாருக்கு எது

இப்போதுதான் தொடங்குகிறீர்கள், எந்த நாட்டுப் படம் உங்களைப் பிடித்து இழுக்கும் என்றே தெரியவில்லை என்றால், ஆறு மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். இணையத்தில் பாருங்கள். எந்தப் பெயரை மறுபடி மறுபடி தேடுகிறீர்களோ அந்த ஒருவரின் தொகுப்பை முதலில் வாங்குங்கள்.

ஒரு இயக்குநரையோ ஸ்டுடியோவையோ முழுசாகச் சேர்க்க நினைப்பவருக்கு டிவிடி. அவருக்கு நல்ல ப்ளூ-ரே வந்துவிட்டால் அதையும் வாங்கலாம், ஆனால் பழைய பெட்டியை உடனே விற்றுவிடாதீர்கள். புதிய பதிப்பில் எல்லாப் படமும், கையேடும், குரல்தடமும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு முடிவு செய்யலாம். பொம்மைப் படம், கண்ணாடி ஓவியம், பென்சில் ஓவியம் என்று பொருளின் மேற்பரப்பே உயிரான படங்களுக்கு முதல் தேர்வு ப்ளூ-ரே. வரைந்து பழகுபவர்களுக்கும் அதுதான், பிரேம் பிரேமாகத் தள்ளும்போது அசல் வேகக் கணக்கு கெடாது. கேசட், ஒரே ஒரு படத்தைத் தேடி அது வேறெங்கும் இல்லை என்று உறுதியானவருக்கு மட்டும்.

எதை வாங்கினாலும் ஒரு நோட்டு போடுங்கள். முழுநீளப் படம் சேர்ப்பவருக்கு அலமாரியே பட்டியல். குறும்படம் பெட்டிக்குள் இருப்பது, முதுகில் பெயர் இருக்காது. பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். துஷான் வுகோதிச் 1961-இல் ஸாக்ரெப் ஃபிலிம் என்ற ஸ்டுடியோவில் எடுத்து, அடுத்த வருடம் ஆஸ்கர் வாங்கிய படம் 'சுரோகாட்' என்றும் இருக்கும், 'எர்சாட்ஸ்' என்றும் இருக்கும், 'தி சப்ஸ்டிடியூட்' என்றும் இருக்கும். மூன்றும் வேறு படம் என்று நினைத்து மூன்று தொகுப்பு வாங்கியவர்கள் உண்டு. என் நோட்டில் மூலமொழிப் பெயர், வருடம், எந்த டிஸ்க், குரல்தடம் எது, பிறகு ஓடும் நேரம் விநாடி வரை. கடைசிக் கட்டத்தை நானே கடிகாரம் வைத்து எழுதுகிறேன், அட்டையில் இருப்பதை எழுதுவதில்லை. ஒரே படம் ஒரு டிஸ்க்கில் 10 நிமிடம், இன்னொன்றில் 9 நிமிடம் 36 விநாடி என்றால் அது வேக வித்தியாசம், பயப்பட ஒன்றுமில்லை. 9 நிமிடம் 10 விநாடி என்றால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே ஓட்டி, எந்தக் காட்சி போயிற்று என்று கண்டுபிடித்து அதையும் நோட்டில் எழுதிவிடுவேன்.